மைனா கற்றுக்கொடுத்த நான்கு சத்தங்கள்

காட்டை ஒட்டிய செம்மண் குளத்தின் கரையில் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். கூடு என்று ஒன்றும் கிடையாது. ஆள்காட்டி இனத்துக்குக் கூடு கட்டும் பொறுமை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சரளைக் கற்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம். அதில் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். அவள் புருஷனை வல்லூறு தூக்கிப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. இந்த உலகத்தில் அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த நான்குதான்.

அடைகாப்பதும் அவளே. குளத்துக்குக் காவல் பார்ப்பதும் அவளே.

காவல் வேலைக்கு அவளிடம் மூன்று கத்தல்கள் இருந்தன. வல்லூறு வந்தால் வானத்துக் கத்தல். அதைக் கேட்டால் எல்லாரும் புதருக்குள் பதுங்க வேண்டும். பாம்பு வந்தால் ஊர்வனக் கத்தல். எல்லாரும் மேட்டில் ஏற வேண்டும். பூனையோ நரியோ வந்தால் தரைக் கத்தல். அப்போது புதரை விட்டு வெட்டவெளிக்கு ஓடிவந்துவிட வேண்டும், ஏனென்றால் பூனைக்குப் புதர்தான் வீடு. மூன்றுமே காதைக் கிழிக்கும். ஒன்றிலும் இனிமை கிடையாது. ஆனால் கேட்டவர்களுக்கு எது வருகிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலையில் பட்டணத்திலிருந்து ஒரு மைனா வந்து கரை வேலமரத்தில் உட்கார்ந்தது.

அந்த மைனா ஆறு மாதமாக ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் சுவர்ப் பொந்தில் குடியிருந்தது. சுவருக்குப் பூச்சு பூசியபோது பொந்து அடைபட்டது, வீடு போயிற்று. அந்த வகுப்புப் பிள்ளைகள் போட்ட கூச்சல் தாங்காமல் வாத்தியார் ஆறு மாதமும் சத்தத்தைப் பற்றிய பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தியிருக்கிறார். ஆகவே மைனாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பக்கம். ஆனால் அது உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் புத்தகம் முழுவதையும் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது.

"என்னை மாஸ்டர்னு கூப்பிடுங்க!" என்றது மைனா.

அந்த நேரம் பார்த்து வானத்தில் ஒரு பருந்து வட்டமிட, மஞ்சக்காலி வானத்துக் கத்தலைக் கத்தினாள்.

"ச்சே, ச்சே! என்ன கத்தல் இது? பட்டணத்துல இப்படிக் கத்தினா வகுப்பை விட்டே வெளியே தள்ளிடுவாங்க!" என்று மைனா சிறகால் காதைப் பொத்திக்கொண்டது.

புதருக்குள் பதுங்கியிருந்த முயல் கூர்காதன் தலையை நீட்டினான். குளத்துப் பஞ்சாயத்துக்கு அவன்தான் தலைவன். பட்டணம் என்ற சொல்லைக் கேட்டாலே அவன் காது இரண்டும் நட்டுக்கொள்ளும்.

"அப்போ அங்கெல்லாம் எப்படிச் சொல்லுவாங்க மாஸ்டர்?"

மைனா நெஞ்சை நிமிர்த்தியது. "கேட்டுக்குங்க. இலை அசையற மாதிரி சின்னச் சத்தம்னா அது ரஸில். பயப்படாதீங்க, மேயறதைப் பாருங்க. அதைவிடப் பெரிசா இருந்தா நாய்ஸ். தலையைத் தூக்கிப் பாருங்க. அமளியா இருந்தா கமோஷன். எல்லாரும் ஒண்ணு கூடுங்க. காது செவிடாகிற மாதிரி ஒரே ஆர்ப்பாட்டமா இருந்தா, அப்ரோர்! ஒரே ஓட்டமா கிழக்குப் பக்கத்துக் கோரைப் புதருக்குள்ள ஓடிடுங்க!"

"ஆஹா!" என்றான் கூர்காதன். தவளைகள் நான்கு சொற்களையும் உடனே ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டன.

மஞ்சக்காலிக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. "மாஸ்டர், வர்றது வல்லூறா, பூனையான்னு இதுல எந்த வார்த்தை சொல்லும்?"

"அது எதுக்கு உனக்கு? சத்தம் சின்னதுன்னா ஆபத்து சின்னது. சத்தம் பெரிசுன்னா ஆபத்து பெரிசு. இதுக்கு மேல என்ன தெரியணும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். மஞ்சக்காலி இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் மைனா குறுக்கே பாய்ந்தது.

"உன்னை மாதிரி குரல்வளம் யாருக்கு இருக்கு? நீ இனிமே வெறும் காவக்காரி இல்ல. இந்தக் குளத்தோட தலைமை அறிவிப்பாளர்!"

அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து "காது கிழியுது, வாயை மூடு" என்பதைத் தவிர வேறு பேச்சுக் கேட்டறியாதவள் அவள். குரல்வளம் என்று ஒருவர் சொன்னதும் கேட்க வந்த கேள்வி தொண்டையிலேயே கரைந்துபோயிற்று. உண்மையைச் சொன்னால், மைனா அவளை ஏமாற்றவில்லை. அவள்தான் ஏமாறக் காத்திருந்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில் எருமைக் கூட்டம் குளத்துக்கு வந்தது. அவை எப்போதும் வருபவைதான். முப்பது எருமைகள் புழுதி கிளப்பி, கனைத்து, தண்ணீரில் தொப்பென்று விழுந்தால் சத்தத்துக்குக் கேட்க வேண்டுமா!

"அப்ரோர்! அப்ரோர்!" என்று மஞ்சக்காலி அறிவித்தாள்.

முயல்கள், கௌதாரிகள், நீர்க்கோழியும் அவள் குஞ்சுகளும், எல்லாரும் விழுந்தடித்துக் கிழக்குக் கோரைக்குள் ஓடினார்கள். எருமைகள் குளித்துவிட்டுப் போன பிறகு திரும்பி வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"பாத்தீங்களா? முறைன்னா இதுதான் முறை!" என்று மைனா குதித்தது.

அன்று முதல் தினமும் உச்சிவெயிலில் அதே ஓட்டம். மஞ்சக்காலி அடையில் உட்கார்ந்து நான்கு சொற்களையும், எதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். முட்டைக்குள் ஓரளவு வளர்ந்துவிட்ட குஞ்சுகளுக்குக் காது கேட்கும் என்பது ஆள்காட்டிகளுக்குத் தெரியும். அம்மாவின் கத்தல்களை ஓட்டுக்குள் இருந்தே அவை படித்துக்கொள்ளும். தன் பிள்ளைகள் பட்டணத்துப் பாடம் படிக்கின்றன என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பத்தாம் நாள் நீர்க்கோழி ஓடிவந்தாள்.

"மஞ்சக்காலி, கோரைக்குள்ள போனது என்னோட ஏழு குஞ்சு. வெளியே வந்தது ஆறுதான்! நீ ஏதாவது சத்தம் கேட்டியா?"

"ஒண்ணும் கேக்கலையே அக்கா."

"எனக்கும் கேக்கல. அதான் பயமா இருக்கு."

கூர்காதனிடம் முறையிட்டார்கள். அவன் மைனாவைப் பார்த்தான். மைனா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சத்தமே இல்லையா? அப்போ ஒண்ணும் நடக்கல. எங்கயாவது வழி தவறியிருக்கும்" என்றது.

மறுநாள் ஐந்து குஞ்சுகள்தான் திரும்பின.

மஞ்சக்காலி அடையை விட்டு எழுந்தாள். முட்டைகளைச் சரளையில் விட்டுவிட்டுக் கோரையோரம் போய்ப் பார்த்தாள். ஈர மண்ணில் வட்டமாக ஒரு பாதத் தடம். அதற்கு முன்னால் இன்னொன்று. நகம் பதியாத தடம். காட்டுப்பூனை! நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பஞ்சு மேல் வைப்பதுபோல் காலை வைத்து நடக்கிற ஜாதி.

அவள் விரைந்து வேலமரத்தடிக்கு வந்தாள்.

"மாஸ்டர்! சத்தமே போடாம வர்றதுக்கு என்ன வார்த்தை?"

 மைனா அந்த ஒரு பக்கத்தை மனசுக்குள் மேலிருந்து கீழாகப் புரட்டியது. "அப்படி ஒரு வார்த்தை பாடத்துல இல்லையே. சத்தம் இல்லாதது எப்படிச் சத்தத்துக்குள்ள வரும்?"

"அப்போ நான் பழைய தரைக் கத்தலையே கத்திடறேன்."

கூர்காதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேசற நீ? பதினொரு நாளா எல்லாரும் படிச்சுப் பழகியாச்சு. நீ ஒருத்தி பழையபடி கத்தினா எல்லாருக்கும் குழம்பிடும்! இஷ்டம் இல்லைன்னா சொல்லு. வேற அறிவிப்பாளரைப் பாத்துக்கறோம்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பதவி அப்படி ஒரு பசை. ஒட்டிக்கொண்டால் அலகைத் திறக்க முடியாது. மறுநாளும் உச்சிவெயிலில் அவளே அப்ரோர் என்று கத்தினாள். அன்றைக்கு யாரும் குறையவில்லை. பார்த்தாயா, வீண் பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து, விடிகாலையில் முட்டைகள் பொரிந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு குஞ்சுகள். புள்ளி போட்ட பஞ்சு உடம்பு, குச்சிக் கால்கள். ஆள்காட்டிக் குஞ்சு பிறந்த அன்றைக்கே ஓடும். பறக்கத்தான் ஒரு மாதம் ஆகும்.

மூத்த குஞ்சு ஈரம் காய்வதற்குள் தலையைத் தூக்கியது. காற்றில் ஒரு சருகு புரண்டது. "ரஸில்!" என்றது குஞ்சு.

"அட, என் ராஜா!" என்று மஞ்சக்காலி பூரித்துப்போனாள். அடுத்த கணமே அவளுக்கு ஒன்று உறைத்தது. பதினான்கு நாளாக அவள் தரைக் கத்தலைக் கத்தவே இல்லை. இந்த நான்கு குஞ்சுகளும் அதைக் கேட்டதே இல்லை.

இப்போதே ஒரு தடவை கத்திக் காட்டிவிட்டால் என்ன? அவள் தொண்டையைச் செருமினாள். அந்தப் பக்கமாகக் கூர்காதன் வந்துகொண்டிருந்தான்.

"குழந்தைங்க பொறந்தாச்சா? நல்லா வளர்த்து நல்ல அறிவிப்பாளரா ஆக்கு!" என்று வாழ்த்திவிட்டுப் போனான்.

சரி, நாளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அவள் மட்டுமா, நாமும் எத்தனையோ விஷயங்களை இப்படித்தானே நாளைக்கு வைக்கிறோம்!

வெயில் ஏறியது. சரளைக் கற்கள் கொதித்தன. மேற்கே புழுதி எழுந்தது. கனைப்பும் குளம்புச் சத்தமும் நெருங்கின. மஞ்சக்காலி மண்மேட்டில் ஏறி நின்று வழக்கம்போல் கத்தினாள்.

"அப்ரோர்! அப்ரோர்!"

குளக்கரை மொத்தமும் எழுந்து கிழக்கே ஓடியது. முன்னால் முயல்கள். நடுவில் நீர்க்கோழியும் ஐந்து குஞ்சுகளும். கடைசியில், தள்ளாடித் தள்ளாடி, அவளுடைய நான்கு பஞ்சு உருண்டைகள். மூத்தது முன்னால் ஓடியது. தம்பி தங்கைகளைத் திரும்பிப் பார்த்து, "சீக்கிரம்! சீக்கிரம்!" என்றது.

மேட்டில் நின்றபடியே அவள் கோரையைப் பார்த்தாள். காற்று இல்லை. கோரைத் தாள்கள் அசையவில்லை. அவற்றுக்கு இடையே மஞ்சளாக இரண்டு கண்கள் திறந்து மூடின.

அப்போதுதான் மஞ்சக்காலிக்குப் புரிந்தது. பூனை தேடிக்கொண்டு வரவில்லை. தினமும் இதே நேரத்துக்கு இவளே சாப்பாட்டை ஓட்டி அனுப்புகிறாள், அது வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது!

"நாய்ஸ்!" என்று அலறினாள். ஓடியவர்கள் ஓடிக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நிற்கவில்லை.

"கமோஷன்! கமோஷன்!" சிதறி ஓடியவர்கள் நெருக்கியடித்து ஒன்றுகூடி ஓடினார்கள். பூனைக்கு அது இன்னும் வசதி.

வேறு சொல் இல்லை. நான்கும் தீர்ந்துபோயிற்று. வேலமரத்து மைனாவைப் பார்த்தாள். மைனாவும் அந்த மஞ்சள் கண்களைப் பார்த்துவிட்டது. அதன் அலகு திறந்தது. ஆறு மாதம் படித்த பாடத்தில் ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. "கிர்ர்ர்ரா! கிர்ர்ர்ரா!" என்று தன் ஆத்தா அப்பன் கத்திய கத்தலைத்தான் கத்தியது.

அதைக் கேட்டதும் மஞ்சக்காலியின் தொண்டை திறந்துகொண்டது.

"டிட்-டிட்-டூயிட்! டிட்-டிட்-டூயிட்!"

தரைக் கத்தல். பதினான்கு நாள் அடைத்து வைத்த கத்தல், மொத்தமாகக் கொட்டியது. முன்னால் ஓடிய கூர்காதன் கோரையைத் தொடும் தூரத்தில் சடக்கென்று நின்றான். அவன் யோசிக்கவே இல்லை, கால்கள்தான் நின்றன. ஒரே தாவலில் வெட்டவெளிப் பக்கம் திரும்பிவிட்டான். முயல்கள் திரும்பின. கௌதாரிகள் விருட்டென்று எழும்பின. நீர்க்கோழி குஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தாள்.

நான்கு குஞ்சுகள் மட்டும் நிற்கவில்லை. அவற்றுக்கு அந்தக் கத்தல் என்னவென்றே தெரியாது. அம்மா ஏதோ கத்துகிறாள், அவ்வளவுதான். அப்ரோர் என்றால் கோரைக்குள் ஓடவேண்டும் என்பதுதான் அவை படித்த பாடம்.

மஞ்சக்காலி அம்பாகப் பாய்ந்து கோரை ஓரத்தில் விழுந்தாள். ஒரு சிறகை ஒடிந்தது போலத் தரையில் இழுத்துக்கொண்டு பூனையின் கண்முன்னே நொண்டினாள். எத்தனையோ நரிகளை ஏமாற்றிய வித்தை அது.

"போ, போ" என்றது பூனை, மெல்லிய குரலில். "இந்த நொண்டி நாடகமெல்லாம் எனக்குப் பழசு. எனக்கு இளசுதான் வேணும். அதான் நீயே அனுப்பி வெச்சிருக்கியே, அறிவிப்பாளரம்மா!"

எங்கே கூட்டிப் போவது? வெட்டவெளியில் குஞ்சுகளைப் பூனை நான்கு தாவலில் பிடித்துவிடும். வானத்தில் பறக்க அவற்றுக்குச் சிறகு இல்லை. அவள் மேற்கே பார்த்தாள். புழுதி, கனைப்பு, நூற்றிருபது குளம்புகள். குளத்திலேயே காது கிழிகிற இடம். பூனை கால் வைக்க அஞ்சுகிற ஒரே இடமும் அதுதான்! இத்தனை நாளும் அது அவள் கண்ணில் படவே இல்லை.

அவள் குஞ்சுகளுக்கு முன்னால் குதித்து, குறுக்கே மறித்து, எருமைகளைப் பார்த்து ஓடினாள். "என் காலைப் பாருங்க! என் கால் பின்னாடியே வாங்க!"

இளைய குஞ்சு திரும்பியது. அடுத்தது திரும்பியது. மூன்றாவது தயங்கி, அதுவும் மஞ்சள் காலைப் பார்த்துக்கொண்டு திரும்பியது.

மூத்த குஞ்சு திரும்பவில்லை. பாடத்தை நன்றாகப் படித்த குஞ்சு அது.

"அம்மா, அந்தப் பக்கம்தான் அப்ரோர்! இந்தப் பக்கம்தான் ஓடணும்!" என்று கூவியது. அம்மா வழி தவறிவிட்டாள் என்று பதறியது. அம்மாவுக்கு வழி காட்டுவதற்காக இன்னும் வேகமாகக் கோரைக்குள் ஓடியது.

கோரைத் தாள்கள் ஒரு தடவை அசைந்து நின்றன. ரஸில் என்று சொல்லும் அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை.

மஞ்சக்காலி திரும்பிப் போக முடியவில்லை. பின்னால் மூன்று இருந்தன. அழுதுகொண்டே ஓடினாள். எருமைக் கூட்டத்துக்குள் புகுந்து, குளம்புகளுக்கு நடுவே நெளிந்து, ஒரு கிழட்டு எருமையின் வயிற்றடியில் மூன்றையும் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். பூனை வாயில் எதையோ கவ்வியபடி காட்டுப் பக்கம் போவதை அங்கிருந்தே பார்த்தாள்.

"பாத்தும்மா, மிதிச்சிடப் போறேன்" என்றது கிழட்டு எருமை. கால் ஒன்றை மெதுவாகத் தள்ளி வைத்துக்கொண்டது. பிறகு கேட்டது: "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சேன். நாங்க வந்தா ஏன் எல்லாரும் இப்படி ஓடறீங்க? நாங்க குளிக்கத்தானே வர்றோம்?"

மஞ்சக்காலி மூன்று குஞ்சுகளையும் இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள்.

மாலையில் கூர்காதன் காதுகளை மடக்கிக்கொண்டு வந்தான். மைனாவும் மரத்தை விட்டு இறங்கி வந்தது. 

"எனக்கு அந்த ஒரு பக்கம்தான் தெரியும், மஞ்சக்காலி" என்றது மைனா. "அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. நான் பட்டணத்துக்கே போயிடறேன்."

"வார்த்தை மேல என்ன தப்பு?" என்றாள் மஞ்சக்காலி.  "சத்தம் எவ்வளவுன்னு சொல்லத்தான் அந்த வார்த்தைங்க இருக்கு. அதை வெச்சு ஆபத்தை அளந்தது நாம. பாதத் தடத்தை நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டும் பதவிக்காக வாயை மூடிக்கிட்டேன். என் பிள்ளையைப் பூனை தின்னதுக்கு நான் யாரைத் திட்ட?"

கூர்காதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ போக வேணாம்" என்றாள் அவள் மைனாவிடம். "உன் கண்ணு கூர்மையானது. எருமை முதுகுல உக்காரு. அங்கிருந்து பாத்தா கோரை முழுக்கத் தெரியும். கண்ணுல பட்டதை உனக்குத் தெரிஞ்ச வாயால சொல்லு. அது போதும்."

ஒரு வாரம் கழித்து, எருமைகள் குளித்துக்கொண்டிருந்த நேரம். கனைப்பும் தண்ணீர்ச் சத்தமும் காதை அடைத்தன. ஒருவரும் ஓடவில்லை. முயல்கள் எருமைகளுக்குப் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று எருமை முதுகிலிருந்து மைனா அலறியது.

"பாம்பு! மேற்குக் கரையில பாம்பு! மேட்டுக்கு ஏறுங்க!"

மஞ்சக்காலி ஊர்வனக் கத்தலைக் கத்தினாள். அந்த ஒரு வாரத்தில் மூன்று கத்தல்களையும் படித்துவிட்ட குஞ்சுகள் குடுகுடுவென்று மண்மேட்டில் ஏறிவிட்டன. அவள் மேலே வந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகும் அவள் கண் கொஞ்ச நேரம் தேடிக்கொண்டே இருந்தது.

சத்தம் எவ்வளவு பெரிது என்று சொல்வது எச்சரிக்கை ஆகாது; என்ன வருகிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைத் தெரிந்தவர் தெரிந்த அன்றைக்கே வாய்விட்டுச் சொல்வதுதான் எச்சரிக்கை.